பல் பிடுங்குவதற்கு முன் பேச வேண்டியவை

பல் நோவு தொடங்கினால் எங்கள் வீடுகளில் முதலில் தேடுவது கராம்பு. அது கேட்காவிட்டால் உப்புத் தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால் பனடோல். பிள்ளைக்கு ஒரு நாள் காய்ச்சல் காய்ந்தாலே மந்திகை ஆஸ்பத்திரிக்கு ஓடுகின்ற தாய், தன்னுடைய பல் நோவை மாதக் கணக்கில் பொறுத்துக்கொண்டிருப்பாள். தோட்ட வேலைக்கு ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண் என்றால், வீட்டில் பிள்ளைகளைப் பார்க்கவும் ஆள் இல்லை. கடைசியில் கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் வந்து கதிரையில் இருக்கும்போது, "எப்பிடியாவது புடுங்கி விடுங்கோ டொக்டர்" என்பதைத் தவிர அவளிடம் வேறு பேச்சு இருப்பதில்லை.

பல் பிடுங்குவது ஒரு சிறிய சத்திரசிகிச்சை. எங்கள் நாட்டின் அரச வைத்தியசாலைகளில் அது இலவசமாகவே செய்யப்படுகிறது. முறையாகச் செய்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் முறையாகச் செய்வதற்கு வைத்தியருக்குச் சில விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும். பல்லை அவர் பார்ப்பார், வேண்டுமானால் எக்ஸ்ரே எடுப்பார். நாங்கள் குடிக்கும் குளிசைகள், எங்கள் உடம்பில் இருக்கும் பழைய காயங்கள், எங்கள் மனதில் இருக்கும் பயம் ஆகியவற்றை நாங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். போருக்குள் வாழ்ந்து வந்த பெண்களுக்குச் சொல்ல வேண்டியவை மற்றவர்களை விடச் சற்று அதிகம்.

பிடுங்கத்தான் வேண்டுமா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "டொக்டர், இந்தப் பல்லைப் பாதுகாக்க ஏலாதா?" இதைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அது எங்கள் உரிமை.

சூத்தை சிறிதாக இருக்கும்போது பல்லைத் துப்புரவாக்கி அடைத்துவிடலாம். நரம்பு வரைக்கும் போன பல்லைக்கூட வேர்க்குழாய்ச் சிகிச்சை செய்து காப்பாற்ற முடியும். அதற்குப் பல தடவை வந்து போக வேண்டும். எல்லா இடத்திலும் அந்த வசதி இருக்காது. எங்கே செய்யலாம், எத்தனை நாள் வர வேண்டும், செலவு உண்டா என்று கேட்டுத் தீர்மானியுங்கள். வேர் மட்டும் மிஞ்சிய பல், முரசும் எலும்பும் கரைந்து ஆடுகின்ற பல், நடுவால் பிளந்த பல் என்பவற்றைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும்.

ஒரு கொடுப்புப் பல் போனால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறோம். ஆனால் பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளிக்குள் சரியத் தொடங்கும். எதிர்ப்பக்கத்துப் பல் நீண்டு வரும். சாப்பாடு சிக்கி, நன்றாக இருந்த பல்லும் சூத்தையாகும். ஆகவே, பிடுங்குவது என்று முடிவானால் அந்த இடத்துக்குப் பிறகு பல் கட்ட வேண்டுமா என்பதையும் அன்றே கேட்டு வைப்பது நல்லது.

நோகிற இடமெல்லாம் பல் அல்ல

சில பெண்கள் ஒரு பல்லைப் பிடுங்கிய பிறகும் நோ போகவில்லை என்று அடுத்த பல்லையும் பிடுங்கச் சொல்லிக் கேட்கிறார்கள். இதில் கவனம் தேவை.

மனக் கவலையோடும் பயத்தோடும் நித்திரைக்குப் போகிறவர்கள் தூக்கத்தில் பல்லை நெருமுவதுண்டு. தாடைத் தசைகள் இரவு முழுவதும் இறுகி இருப்பதால் காலையில் எழும்போது பல வரிசைப் பற்களும் காதோரமும் நெற்றிப் பொட்டும் நோகும். அங்கே சூத்தையே இருக்காது. முகத்தில் மின்சாரம் பாய்ந்தது போல ஒரு கணம் வெட்டி இழுக்கும் நோ, நரம்பு வருத்தமாக இருக்கலாம். முகத்தில் காயப்பட்டவர்களுக்குக் காயப்பட்ட நரம்பே பல் நோவைப் போல நோகலாம். இந்த நோக்கள் பல்லைப் பிடுங்குவதால் மாறாது. நல்ல பல்தான் போகும். எப்போது நோகிறது, எவ்வளவு நேரம் நோகிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் நோகிறதா, கடித்தால் நோகிறதா என்று விபரமாகச் சொல்லுங்கள்.

வெற்றிலை போடும் அம்மாமார் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெற்றிலை மூலிகைதானே, புகையிலை சேர்க்காவிட்டால் ஒன்றும் செய்யாது என்று சொல்லிக்கொள்வோம். பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2004 இல் வெளியிட்டது. காரணமில்லாமல் ஆடத் தொடங்கிய பல், இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறப்பது குறைந்துகொண்டு போவது என்பவை இருந்தால், "பல்லைப் பிடுங்குங்கோ" என்று கேட்பதற்கு முன் "இதை ஒருக்காப் பாருங்கோ" என்று காட்டுங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் வாய்ப் புற்றுநோயைச் சுகப்படுத்தலாம்.

டொக்டரிடம் மறைக்கக் கூடாதவை

"பல்லுக்கும் சீனி வருத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் உண்டு. சம்பந்தம் உண்டு. கீழே உள்ளவற்றில் எது உங்களுக்குப் பொருந்துகிறதோ அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நீரிழிவு: சீனி கூடியிருந்தால் புண் ஆறப் பிந்தும், சீழ் பிடிக்கும். பிடுங்கும் நாளிலும் வழக்கம் போலச் சாப்பிட்டு, வழக்கமான குளிசையையோ ஊசியையோ எடுத்துக்கொண்டு போங்கள். கடைசியாகச் சீனி பார்த்த துண்டையும் கொண்டு போங்கள்.

பிரஷர்: பல் பிடுங்கப் போகிறோம் என்று அன்றைய பிரஷர்க் குளிசையை நிறுத்த வேண்டாம். பிரஷர் மிகக் கூடியிருந்தால் வைத்தியர் இன்னொரு நாள் வரச் சொல்லலாம். அது உங்கள் நன்மைக்கே.

இதய வருத்தம்: சிறுவயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதானவர்கள், மாதாமாதம் பெனிசிலின் ஊசி போடுபவர்கள், வால்வு மாற்றியவர்கள் சொல்லியே ஆக வேண்டும். பல் பிடுங்கும்போது வாய்க் கிருமி இரத்தத்தில் கலக்கும். முன்கூட்டியே மருந்து தேவையா என்று வைத்தியர் தீர்மானிப்பார்.

இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் குளிசை: அஸ்பிரின், குளோபிடோகிறல், வார்பரின் போன்றவை. இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மாரடைப்போ பக்கவாதமோ வரலாம். வார்பரின் குடிப்பவர்களுக்கு முதலில் ஒரு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும்.

எலும்பு தேய்வுக்குக் குடிக்கும் குளிசை: வாரத்துக்கு ஒரு தடவை குடிக்கும் அலென்ட்ரோனேற் போன்றவை. இவற்றை நீண்ட காலம் எடுத்தவர்களுக்கும், புற்றுநோய்க்காக எலும்புக்குப் போடும் ஊசி எடுத்தவர்களுக்கும், தலை கழுத்துப் பகுதிக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பல் பிடுங்கிய இடத்து எலும்பு ஆறாமல் போகக்கூடும்.

முட்டு வருத்தம்: உறிஞ்சும் மருந்தைக் கையோடு கொண்டு போங்கள். சில நோக் குளிசைகள் முட்டைக் கூட்டும்.

ஒவ்வாமை: பெனிசிலினோ வேறு மருந்தோ முன்பு ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்திருந்தால், மூச்சு முட்டியிருந்தால், அதை முதலில் சொல்லுங்கள்.

இரத்தப் போக்கு: முன்பு பல் பிடுங்கியபோதோ பிள்ளை பெற்றபோதோ இரத்தம் நிற்காமல் போயிருந்தால், குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்தால் சொல்லுங்கள்.

இவ்வளவையும் ஞாபகம் வைத்திருக்க முடியாது என்று பயப்பட வேண்டாம். கிளினிக் கொப்பியையும் குளிசைப் பைக்கற்றுகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போனாலே பாதி வேலை முடிந்தது. தமிழ் தெரியாத வைத்தியர் இருந்தாலும் கொப்பி பேசும். இல்லாவிட்டால் தாதியையோ உதவியாளரையோ மொழிபெயர்த்துச் சொல்லும்படி கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி.

போர் விட்டுச் சென்றவை

1987 இல் வடமராட்சியில் நடந்ததையும், 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டுக் குடாநாடு பட்ட பாட்டையும், 2009 இல் வன்னியில் நடந்ததையும் கடந்து வந்தவர்கள் எங்கள் வாசகிகள். உயிரைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்த அந்த நாட்களில் பல்லைப் பற்றி யார் நினைத்தார்கள்? இன்று நாற்பது, ஐம்பது வயதில் பலர் பல் இழந்து நிற்பதற்கு அந்த வருடங்களும் ஒரு காரணம். அதற்காக யாரும் வெட்கப்படத் தேவையில்லை. "ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை?" என்று யாராவது கேட்டால், நடந்ததை அப்படியே சொல்லலாம்.

முகத்திலோ தாடையிலோ கழுத்திலோ ஷெல் துண்டு இருப்பவர்கள் அதைப் பற்களைக் காட்டும் முன்னரே சொல்ல வேண்டும். தாடை எலும்பு உடைந்து பொருந்தியவர்கள், உள்ளே தகடு வைத்தவர்கள், வாய் முழுதாகத் திறக்க முடியாதவர்கள் என்றால், முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. சிக்கலான பல்லாக இருந்தால் யாழ். போதனா வைத்தியசாலையின் வாய் முகச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பலாம். அங்கே அனுப்பினால் ஏதோ பாரதூரமான வருத்தம் என்று எண்ணிப் போகாமல் விட்டுவிடாதீர்கள்.

தலையில் காயப்பட்டு வலிப்பு வருபவர்கள் வலிப்புக் குளிசையை அன்று தவறாமல் குடித்துவிட்டுப் போக வேண்டும். பெனிற்றோயின் என்ற குளிசையால் முரசு தடித்து வளர்வதுண்டு. நித்திரை இல்லாமைக்கும் மன அழுத்தத்துக்கும் தரும் அமிற்றிப்டிலின் போன்ற குளிசைகள் வாயைக் காய வைக்கும். எச்சில் குறைந்தால் சூத்தை விரைவாகப் பிடிக்கும். அதற்காகக் குளிசையை நிறுத்த வேண்டாம். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள், இனிப்பைக் குறையுங்கள், டொக்டரிடம் சொல்லுங்கள். மனநலக் கிளினிக்குக்குப் போவதைப் பல் வைத்தியரிடம் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். அதுவும் பிரஷரைப் போல ஒரு வருத்தம். வைத்தியரிடம் சொன்னால் அது அவரோடு இருக்கும்.

பேச மிகவும் தயங்கும் விடயம் ஒன்று உண்டு. பல் கதிரையில் மல்லாக்கச் சாய்ந்து கிடப்பது, முகத்துக்கு நேரே வெளிச்சம் அடிப்பது, ஒரு ஆண் குனிந்து வாயைப் பிடிப்பது, இரத்த வாடை, உலோகச் சத்தம் ஆகியவை சில பெண்களுக்குப் பழைய கொடுமைகளைத் திரும்பக் கொண்டு வரும். மூச்சு முட்டும், கை கால் நடுங்கும், எழுந்து ஓட வேண்டும் போல இருக்கும். இது கோழைத்தனம் அல்ல. உடம்பு மறக்காமல் வைத்திருப்பது. நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. "எனக்குச் சாய்ந்து கிடந்தால் பதட்டம் வரும் டொக்டர்" என்ற ஒரு வசனம் போதும். கதிரையை நிமிர்த்தி வைக்கச் சொல்லலாம். பெண் உதவியாளர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். கூட வந்தவரை உள்ளே விடச் சொல்லலாம். தொடங்கும் முன்னரே, "நான் இடக்கையைத் தூக்கினால் நிப்பாட்டுங்கோ" என்று சொல்லி வைக்கலாம். வாய்க்குள் கருவி இருக்கும்போது பேச முடியாது, கை பேசும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும்

"வயித்தில பிள்ளையோட பல்லுப் புடுங்கப்படாது" என்ற பேச்சு ஊரில் இன்னும் உண்டு. அது முழுக்க உண்மை அல்ல. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையான காலம் பற்சிகிச்சைக்கு வசதியானது. சீழ் பிடித்து வீங்கியிருந்தால் எந்த மாதத்திலும் வைத்தியம் செய்ய வேண்டும். கிருமியை வைத்துக்கொண்டிருப்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் கூடாது. கர்ப்பிணிகளின் வாயைப் பரிசோதிப்பது இலங்கையின் தாய் சேய் நலச் சேவையின் ஒரு பகுதி. உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் வழி காட்டுவார். மாதம் தள்ளிப் போயிருந்தால், நிச்சயம் இல்லாவிட்டாலும், எக்ஸ்ரேக்கு முன்னும் மருந்து எழுத முன்னும் சொல்லுங்கள்.

பாலூட்டும் தாய்மார் விறைப்பு ஊசி போட்ட பிறகும் பால் கொடுக்கலாம். குளிசை எழுதும்போது மட்டும் பால் கொடுப்பதைச் சொல்லுங்கள். மாதவிடாய் நாட்களில் பல் பிடுங்கக் கூடாது என்பதற்கும் மருத்துவத் தடை இல்லை.

கண் பார்வை போகுமா?

மேற்பல்லைப் பிடுங்கினால் கண் தெரியாமல் போகும் என்று பயந்து வருடக் கணக்காகச் சூத்தைப் பல்லோடு இருப்பவர்கள் உண்டு. பார்வை நரம்பு கண்ணுக்குப் பின்னால் மூளைக்கு நேரே போகிறது. பல்லுக்கு வரும் நரம்பு வேறு. பல்லைப் பிடுங்குவதால் பார்வை போகாது. உண்மையில், மேற்பல்லில் பிடித்த சீழைக் கவனிக்காமல் விட்டால்தான் வீக்கம் கண் வரைக்கும் ஏறும்.

விறைப்பு ஊசி

பாட்டிமார் சொன்ன பல் பிடுங்கிய கதைகள் எங்கள் மனதில் ஆழப் பதிந்திருக்கின்றன. அந்தக் காலம் மாறிவிட்டது. 1846 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஈதர் முகர வைத்து நோவில்லாமல் ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். இன்று எங்களுக்குப் போடும் லிக்னோகெயின் என்ற விறைப்பு மருந்து 1943 இல் சுவீடனில் உருவாக்கப்பட்டது.

ஊசி குத்தும்போது சிறிது நோகும். பிறகு உதடும் கன்னமும் தடித்தது போல இருக்கும். மருந்தோடு அட்ரினலின் சேர்ந்திருந்தால் சில நிமிடங்களுக்கு நெஞ்சு படபடக்கலாம். பதட்டம் உள்ளவர்கள் அதைக் கண்டு, பழைய பயம் திரும்ப வருகிறது என்று நினைப்பார்கள். அது மருந்தின் வேலை. சற்று நேரத்தில் அடங்கும். ஆனாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள். பல்லை அசைக்கும்போது அமத்துவது தெரியும், நோகக் கூடாது. நொந்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் மருந்து போடலாம். சீழ் பிடித்த இடத்தில் விறைப்பு மருந்து சரியாக வேலை செய்யாது. வீங்கும் வரைக்கும் காத்திருக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

போகிற அன்று

வெறும் வயிற்றோடு போக வேண்டாம். வெள்ளி விரதம், கந்தசஷ்டி விரதம் பிடிக்கும் நாட்களைத் தவிர்த்து வேறு நாள் போங்கள். பசியும் பயமும் சேர்ந்தால் மயக்கம் வரும். காலையிலேயே போனால், பிறகு இரத்தம் கசிந்தாலும் பகலில் திரும்பிக் காட்ட முடியும். வடமராட்சியில் உள்ளவர்களுக்கு மந்திகையில் உள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை கிட்ட. ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போங்கள். பல்லைத் துலக்கிவிட்டுப் போங்கள். எந்தப் பல் என்று விரலால் தொட்டுக் காட்டி, வைத்தியரும் அதே பல்லைத்தான் சொல்கிறாரா என்று பாருங்கள்.

தனியார் இடத்துக்குப் போவதானால், இலங்கை மருத்துவப் பேரவையில் பதிந்த பல் வைத்தியரா என்று விசாரியுங்கள். ஊர் ஊராக மலிவாகப் பல் கட்டித் தருகிறோம், பிடுங்கித் தருகிறோம் என்று வருபவர்களிடம் வாயைக் கொடுக்க வேண்டாம். அவிக்காத கருவியால் ஈரல் அழற்சி போன்ற நோய்கள் தொற்றும்.

நோவுக்குப் பனடோல் குடிப்பதிலும் அளவு உண்டு. வளர்ந்தவர்கள் ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, குறைந்தது நான்கு மணித்தியால இடைவெளி, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களும் மிக மெலிந்தவர்களும் இதைவிடக் குறைவாக, வைத்தியரைக் கேட்டே குடிக்க வேண்டும். அஸ்பிரினை முரசில் வைத்தால் முரசு வெந்துவிடும்.

பிடுங்கிய பிறகு

வைத்த பஞ்சை அரை மணித்தியாலம் இறுக்கிக் கடியுங்கள். அந்தக் குழியில் உறையும் இரத்தம்தான் புண்ணுக்கு மூடி. அது கழன்றால் இரண்டாம் மூன்றாம் நாளில் காது வரைக்கும் இழுக்கும் கடும் நோ வரும். ஆகவே முதல் 24 மணித்தியாலம் வாய் கொப்பளிக்கவோ, அடிக்கடி துப்பவோ, குழாய் வைத்து உறிஞ்சவோ, நாக்கால் நோண்டவோ வேண்டாம். வெற்றிலையும் புகையிலையும் வேண்டவே வேண்டாம். விறைப்பு எடுபடும் வரைக்கும் சுடு தேநீர் குடித்தால் வாய் வெந்தாலும் தெரியாது. ஆறிய கஞ்சி, சொதி விட்டுக் குழைத்த இடியப்பம், முட்டை போன்றவற்றை மற்றப் பக்கத்தால் சாப்பிடுங்கள். அடுத்த நாளிலிருந்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு மெதுவாகக் கொப்பளிக்கலாம்.

அன்றைக்குத் தண்ணீர்க் குடம் தூக்குவது, விறகு கொத்துவது, வெயிலில் தோட்டம் கொத்துவது வேண்டாம். இது சொல்ல எளிது, செய்யக் கடினம் என்பது தெரியும். அயலிலோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடுத்த முறை அவர் போகும்போது நீங்கள் உதவலாம்.

எச்சில் ஒரு நாள் சிவப்பாக வருவது வழமை. இரத்தம் நிரம்பிக்கொண்டே வந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து அரை மணித்தியாலம் விடாமல் கடியுங்கள். அதன் பிறகும் நிற்காவிட்டால் இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாடைக்குக் கீழே கழுத்து வரை வீங்குவது, விழுங்க முடியாமை, மூச்சு விடக் கஷ்டம், கண் மூடும் அளவுக்கு வீக்கம், நடுக்கத்தோடு காய்ச்சல் என்பவை உயிருக்கு ஆபத்தான அறிகுறிகள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2018 இலிருந்து அந்தச் சேவை வடக்கிலும் உண்டு.

போர்க்காலத்தில் நோவைப் பொறுத்துக்கொள்ளப் பழகினோம். வேறு வழி இருக்கவில்லை. இன்று வழி உண்டு. இந்த மாதச் சங்கக் கூட்டத்தில் ஒரு கொப்பித் தாளை எடுத்து, ஒவ்வொருவரும் தாங்கள் குடிக்கும் குளிசை, தங்களுக்கு உள்ள வருத்தம், பட்ட காயம் ஆகியவற்றை எழுதி மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள். எழுதத் தெரியாத அக்காமாருக்குத் தெரிந்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். பல்லுக்கு மட்டுமல்ல, எந்த வைத்தியரிடம் போனாலும் அந்தத் தாள் உங்களுக்கு உதவும்.